முட்டி தூக்கும் மிஷினும் என் வயிற்றெரிச்சலும்

ஜிம்முக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரமே ஜிம் மாஸ்டர்களாகிய நீங்கள் கொடுக்கிற பயிற்சிகளில் ஒன்று, அந்த மிஷினில் ஏறி நின்று முட்டியை இடுப்பு உயரத்துக்குத் தூக்குவது. தொடையும் இடுப்பும் சேருகிற இடத்தில் முன்பக்கமாக இருக்கும் தசைக்கு அது நல்லது. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்க்கிறவனுக்கும், படியேறக் கால் வராதவனுக்கும் அதைவிட எளிய பயிற்சி கிடையாது. தப்பு செய்யவே வழியில்லாத மிஷின் என்று உங்களில் பலர் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும், சுவரில் படமும் ஒட்டி வைத்திருக்கிறீர்கள். நான் சொல்லப்போவது பொறாமையைப் பற்றி. அதைப் பேச எனக்குத் தகுதி உண்டு.

பொறாமைப்படக் கூடாது என்று எல்லாரும் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் ஒருவர்கூட, தன் சிஷ்யர்கள் தன் கண்ணெதிரிலேயே இன்னொருத்தன் முன்னால் வரிசையில் நிற்பதைப் பார்த்திருக்க மாட்டார். நான் பார்த்தேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, வருஷக்கணக்கில் பார்த்தேன்.

புதுச்சேரி உப்பளத்தில், பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில், ஒரு காலத்தில் கிடங்காக இருந்த ஓட்டுக் கட்டடத்தில் எங்கள் உடற்பயிற்சிக் கூடம் இருந்தது. முதலாளி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பிய சிப்பாய், எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் தைரியம் கிடையாது, எல்லாருக்கும் அவர் முசியே, பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி. எழுபதுகள் முழுக்க அங்கே நான்தான் மாஸ்டர். பார்பெல், தம்பிள்ஸ், கர்லாக்கட்டை, ஒரு சாய்வு பலகை, இவ்வளவுதான் எங்கள் சொத்து. மில் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள், கடற்கரைக் குப்பங்களில் வலை இழுக்கிற ஆட்கள், போலீஸில் சேர ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் லங்கோட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு "மாஸ்டர், மாஸ்டர்" என்று என்னைச் சுற்றி நிற்பார்கள். நான் உட்கார் என்றால் உட்காருவார்கள், எழுந்திரு என்றால் எழுந்திருப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ஏன் பிடிக்காது?

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்துவான் வந்தான். முசியேவின் மனைவி வழியில் உறவு, என்னைவிட வயதில் நன்றாகச் சின்னவன். பாரிஸில் ஏதோ ஒரு ஜிம்மில் வேலை பார்த்தவன். வெறுங்கையோடு வந்திருந்தால் பரவாயில்லை. கழற்றி மரப்பெட்டிகளில் அடைத்த ஒரு மிஷினையும் கொண்டுவந்தான். பூட்டி முடித்ததும் பார்த்தேன். ஏறி நிற்க ஒரு மேடை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, தொடையில் அழுத்துகிற மாதிரி பஞ்சு வைத்த ஓர் உருளை, பின்னால் செயினில் தொங்குகிற இரும்புத் தட்டுகள். ஊசியை எந்தத் தட்டில் செருகுகிறோமோ அவ்வளவு எடை. உருளையைத் தொடையால் தள்ளி முட்டியைத் தூக்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

"காலைத் தூக்கறதுக்கு ஒரு மிஷினா? எங்க தெரு நாய் மிஷின் இல்லாமலே தூக்குதே" என்றேன் நான்.

கூடமே கொல்லென்று சிரித்தது. அந்துவானும் சிரித்தான். மனசு விட்டுச் சிரித்தான். அவன் முகம் சுருங்கியிருந்தால் எனக்கு அன்றைக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்திருக்கும்.

ஒரு மாதத்துக்குள் அந்த மிஷினுக்கு முன்னால் வரிசை நின்றது. கர்லாக்கட்டை மூலையில் தூசு படிந்து கிடந்தது. அந்துவானுக்கு எல்லார் பெயரும் தெரியும், அவர்கள் பிள்ளைகளின் பெயரும் தெரியும். ஒருவன் இறங்கியதும் வேர்வையைத் தானே துணியால் துடைத்துவிட்டு அடுத்தவனை ஏற்றுவான். என்னைப் பார்த்தால் "வாங்க மாஸ்டர்" என்று கம்பியை விட்டுவிட்டு ஒதுங்கி நிற்பான். தம்பிகளே, கெட்டவன்மேல் பொறாமைப்படுவது சுலபம், திட்டித் தீர்த்துவிடலாம். நல்லவன்மேல் பொறாமைப்பட்டுப் பாருங்கள், அப்போது தெரியும். திட்டுவதற்கு ஒரு விஷயம்கூடக் கிடைக்காமல் நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும். எத்தனையோ வருஷம் உழைத்து நான் மாஸ்டர் ஆனேன். அவன் வந்த வாரமே சார் ஆகிவிட்டான்.

அவன்மேல் குறை கிடைக்காததால் மிஷின்மேல் கண்டுபிடித்தேன். செயின் அறுந்து யார் காலிலாவது விழும் என்று முசியேவிடம் போய்ச் சொன்னேன். அறவில்லை. தளம் விரிசல் விடும் என்றேன். விடவில்லை. எல்லாருக்கும் முட்டி தேய்ந்துபோகும் என்றேன். யாருக்கும் தேயவில்லை, படியேற முடியாமல் இருந்த கிழவர்கள்கூட டக்டக்கென்று ஏற ஆரம்பித்தார்கள். வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எரிந்து விழுவேன். என் வீட்டுக்காரி அசரமாட்டாள்.

"வயிறு எரிஞ்சா மோரு குடிய்யா. எங்கிட்ட இன்னாத்துக்கு வள்ளுனு வுழற?" என்பாள்.

கலியபெருமாள் கட்சி மாறியதுதான் எனக்குப் பெரிய அடி. முதலியார்பேட்டைக்காரன், மில்லில் பதிலி ஆள். நிரந்தரத் தொழிலாளி யாராவது வராத நாளில் அவன் இடத்தில் நிற்கிறவனுக்குத்தான் பதிலி என்று பெயர். விடியற்காலையில் கேட்டில் போய் நிற்க வேண்டும், கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வந்த வழியே வீட்டுக்கு. பேல் பேலாகத் துணிக்கட்டு சுமக்கிற உடம்பை நான்தான் செதுக்கினேன். அந்த வருஷம் பதிலிகளில் சிலரை நிரந்தரமாக்கப் போவதாகப் பேச்சு. அதற்கு முன்னால் மில் டாக்டர் உடம்பைச் சோதிப்பார். கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் இருக்கிற கலியபெருமாளுக்கு வாழ்வே அந்தச் சோதனையில்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து அவனுக்கு வலது கால் சரியாக எழும்பவில்லை. சைக்கிளில் காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியவில்லை, பஸ் படியில் ஒரு நொடி தயங்கினான். என்னிடம் வரவில்லை. நேராக அந்துவானிடம் போனான். அந்துவான் அவனை நிற்க வைத்து ஒவ்வொரு முட்டியாகத் தூக்கச் சொன்னான். வலது பக்கம் பாதியிலேயே நின்றது.

"வலி எங்க இருக்கு?" என்று கேட்டான்.

கலியபெருமாள் தொடையின் நடுவில் கை வைத்தான். அந்துவான் பாரிஸில் படித்தபடி சரியாகத்தான் முடிவு செய்தான், இடுப்பை மடக்குகிற தசை பலமில்லை, மிஷின் போதும் என்று. நானாக இருந்தாலும் அந்தப் பதிலுக்கு அதைத்தான் சொல்லியிருப்பேன். இதை எழுத எனக்கு இப்போதும் கை வரமாட்டேன் என்கிறது.

அவனுடைய உண்மையான கோளாறை நான் கண்டுபிடித்த விதத்தைச் சொல்கிறேன். கூடத்தின் மூலையில் துணி மாற்ற ஒரு தட்டி மறைப்பு உண்டு. அதன் பக்கத்தில் நான் தினமும் நிற்பேன். மேற்பார்வை பார்ப்பதாகப் பாவனை. உண்மையில் யார் யார் லங்கோடு கட்டிக்கொண்டு மிஷின் பக்கம் போகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துப் புழுங்குவதற்காக நின்றேன். ஒருநாள் தட்டி இடுக்கு வழியாகக் கலியபெருமாள் தெரிந்தான். பெஞ்சில் மல்லாந்து படுத்திருந்தான். வலது பக்கம், தொடை இடுக்குக்குச் சற்று மேலே, உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்தினான். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தான். பிறகு படுத்தவாக்கிலேயே இடுப்பைத் தூக்கித் தூக்கி லங்கோட்டைச் சுற்றி, பல்லைக் கடித்து இறுக்கி முடிந்துகொண்டு எழுந்தான்.

லங்கோட்டை நின்றுகொண்டுதான் கட்டுவார்கள். எத்தனையோ ஆம்பளைகள் கட்டிப் பார்த்திருக்கிறேன், ஒருத்தன்கூடப் படுத்துக்கொண்டு கட்டியதில்லை. படுத்தால் உள்ளே போகிற ஒன்று, நின்றால் வெளியே வருகிறது. அது வெளியே வராமல் துணியால் அணை கட்டுகிறான். துறைமுகத்தில் மூட்டை தூக்கின ஒருவர் இப்படித்தான் வேட்டியை மடித்து வைத்துக் கட்டிக்கொண்டு திரிந்தார் என்று எனக்குத் தெரியும். குடலிறக்கம்.

என் மனசில் முதலில் வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம். மாட்டினடா மகனே அந்துவான் என்று துள்ளிக் குதிக்கிற சந்தோஷம். பாரிஸ் படிப்புக்கு இதுகூடத் தெரியவில்லையா என்று முசியே முகத்துக்கு நேராகக் கேட்கலாம். அன்றைக்கு வீட்டில் இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். என் வீட்டுக்காரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அடுத்த நாள் அவன் மிஷினில் ஏறுவதைக் கவனித்தேன். முட்டியைத் தூக்கும்போது மூச்சை அடக்கினான், கழுத்து நரம்பு புடைத்தது. இறங்கி ஓரமாகப் போய் இருமினான். இருமுவதற்கு முன்னால் கை தானாக அந்த இடத்துக்குப் போய் அழுத்திக்கொண்டது. அந்துவான் "ப்ராவோ!" என்று அவன் தோளில் தட்டி, ஊசியை இன்னும் ஒரு தட்டு கீழே இறக்கிச் செருகினான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூட்டை தூக்கின அந்த மனிதருக்கு ஒருநாள் வெளியே வந்தது உள்ளே போகவில்லை. வயிறு கல்லாகிப்போய், வாந்தி எடுத்து, மறுநாள் பிணமாகக் கிடந்தார். 

நேராக முசியேவிடம் போனேன்.

"முசியே, கலியபெருமாளுக்குக் குடல் இறங்கியிருக்குது. அந்த மிஷின்ல ஏத்தக் கூடாது."

அவர் பேப்பரைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அன்னைக்கு செயின் அறுந்துடும்ன. அப்புறம் தளம் வெடிச்சுடும்ன. இப்ப குடலு எறங்கிப்போச்சா? நாளைக்கு இன்னா, ஓடு எறங்கிடுமா?"

"சத்தியமா முசியே, என் கண்ணால பாத்தேன்."

"ஒன் கண்ணு எங்க இருக்குதுனு எல்லாருக்கும் தெரியும். அலே, போய் வேலையப் பாரு" என்று பிரெஞ்சும் தமிழுமாக விரட்டினார்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். பொறாமைக்காரன் சொல் வாசற்படியே தாண்டாது. இது ஒன்றை மட்டும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் காதில் போட்டுக்கொள்ளுங்கள். பொறாமைப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, சொன்னாலும் கேட்கப்போவதில்லை. ஆனால் வாய்க்கு வந்த பொய்க் குறையெல்லாம் சொல்லி வைக்காதீர்கள். ஒருநாள் மெய்க் குறை கண்ணில் படும். அன்றைக்கு உங்கள் வாயில் செல்லுகிற காசு ஒன்றுகூட இருக்காது.

கலியபெருமாளையே பிடித்துப் பேசலாம் என்று அன்று சாயங்காலம் டீக்கடைப் பக்கம் காத்திருந்தேன். வந்தான். ஓரமாகக் கூட்டிப்போய், "ஏம்பா, குடலிறக்கம், இரண்யான்னு சொல்றாங்களே, அது மாதிரி ஏதாச்சும் இருக்குதா? பெரியாஸ்பத்திரியில ஒரு தடவ காட்டிடேன்" என்று மெதுவாகத்தான் கேட்டேன்.

அவன் முகம் சிவந்துபோயிற்று. "யாரு சொன்னது? எனக்கு ஒன்னும் இல்ல. நான் அந்துவான் சார் கிட்ட போயிட்டேன்னு ஒங்களுக்கு வயித்தெரிச்சல், மாஸ்டர். ஊரே சிரிக்குது."

"வயித்தெரிச்சல்தான்டா, இல்லன்னு சொல்லல. அதுக்காக இதுவும் பொய்யாயிடுமா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "மாஸ்டர், ஒங்க கால்ல வுழறேன். இந்தப் பேச்சு மில்லு வரைக்கும் போச்சுன்னா என்னை லிஸ்ட்ல இருந்து எடுத்துடுவாங்க. எம் புள்ளைங்க வாயில மண்ணு. வெளிய சொல்லாதீங்க." டீயைக் குடிக்காமலே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். ஏறவில்லை, தள்ளிக்கொண்டேதான் போனான்.

இங்கே ஒரு விஷயம். நம் ஆட்கள் தொப்புளுக்குக் கீழே தொடைக்கு மேலே இருக்கிற எந்த வலியையும் அதன் இடத்தில் கை வைத்துக் காட்டமாட்டார்கள். ஒன்று மேலே வயிற்றைக் காட்டுவார்கள், இல்லாவிட்டால் கீழே தொடையைக் காட்டுவார்கள். வெட்கம். பாரிஸிலேயே தொழில் படித்து வந்த அந்துவானுக்கு இது தெரிய வழியில்லை. காட்டின இடத்தை நம்பினான்.

இரண்டு நாள் யோசித்தேன். முசியே நம்பமாட்டார். கலியபெருமாள் ஒத்துக்கொள்ளமாட்டான். அந்துவானிடம் போய் நீ செய்வது தப்பு என்றால், அவனும் பொறாமை என்றுதான் எடுத்துக்கொள்வான், எடுத்துக்கொள்ளாவிட்டால் அவன் மனுஷனே இல்லை. கலியபெருமாள் ஒருத்தர் சொன்னால் கேட்பான், அது அந்துவான். அந்துவான் ஒருத்தர் சொன்னால் நம்பமாட்டான், அது நான். இந்த முடிச்சை எப்படி அவிழ்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் யோசிக்க நேரமே இல்லாமல் போயிற்று. தட்டிக்குப் பின்னால் கலியபெருமாள் படுத்தான். வழக்கமாக எழுந்திருக்கிற நேரம் ஆகியும் எழுந்திருக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வேர்வை, கை அழுத்திக்கொண்டே இருந்தது. உள்ளே போகமாட்டேன் என்கிறது போலிருந்தது. ஒருவழியாகக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது உதடு வெளுத்திருந்தது. அப்படியும் நேராக மிஷின் வரிசையில் போய் நின்றான். அவனுக்கு முன்னால் ஒரே ஒருத்தன்தான் இருந்தான்.

நான் பனியனைக் கழற்றி எறிந்துவிட்டு வரிசையைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன்.

"தம்பி அந்துவான், எனக்கும் கத்துக் குடு."

 நாயைச் சொல்லி மிஷினைக் கேலி செய்தவன் மிஷினில் ஏறப்போகிறான். அந்துவானுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க மாஸ்டர், வாங்க" என்று என் தொடையில் உருளையைப் பொருத்தி, ஊசியை முதல் தட்டில் வைத்தான், பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த பிள்ளைக்கு வைக்கிற மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு தடவை முட்டியைத் தூக்கினேன். "ஐயோ" என்று வலது இடுக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாச்சு மாஸ்டர்?"

எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "ஒரு சந்தேகம் தம்பி. கொஞ்ச நாளா இருமினா இந்த எடத்துல புடைக்குது. படுத்தா உள்ள போயிடுது. அதனால படுத்துக்கினே லங்கோட்டை இறுக்கிக் கட்டிக்கிறேன். இன்னிக்கு உள்ள போகவே மாட்டேங்குது. இந்த மிஷின்ல இன்னும் ஒரு தட்டு சேத்துத் தூக்குனா சரியாப் போயிடுமா?"

அந்துவானின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிவிட்டது. உருளையைப் பிடுங்கித் தள்ளி, என்னை இடுப்போடு சேர்த்துப் பிடித்துத் தூக்கி இறக்கினான்.

"எறங்குங்க மாஸ்டர்! அது தசை இல்ல, குடலு! மூச்சை அடக்கித் தூக்குனா இன்னும் வெளிய வரும். உள்ள போகாம சிக்கிக்கிச்சுன்னா உயிரே போயிடும். இதை மறைச்சுக்கினா இருந்தீங்க? பைத்தியமா ஒங்களுக்கு?"

அவன் கண் கலங்கியிருந்தது. எனக்காக. இந்தப் பாவியின்மேல் இவனுக்கு ஏன் இவ்வளவு பாசம் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது கலியபெருமாளை. அவன் அப்படியே நின்றான். கை லங்கோட்டு முடிச்சின்மேல் இருந்தது.

"சார்" என்றான் அந்துவானிடம். "மாஸ்டருக்கு ஆபரேஷன் பண்ணா... அப்புறம் பழையபடி வேல செய்யலாமா?"

"தாராளமா செய்யலாம். கொஞ்ச மாசம் எடை தூக்கக் கூடாது, அவ்ளோதான். பண்ணலன்னாதான் ஒன்னும் செய்ய முடியாது."

அதற்குள் முசியே உள்ளறையிலிருந்து வந்துவிட்டார். "இன்னாது, ஒனக்கா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். பின்னால் எவனோ கிசுகிசுத்தான், "அன்னைக்குக் கலியபெருமாளுக்குனு சொன்னாரு, கடைசியில மாஸ்டருக்கேவாம்." அடக்கிய சிரிப்பு ஒன்று எழுந்தது. நான் அதைக் கேட்காத மாதிரி அந்துவானின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்குத் தனியா ஆஸ்பத்திரிக்குப் போவ பயமா இருக்குது. நீயும் வா. கலியபெருமாளு, நீயும் தொணைக்கு வாடா."

என் ஜென்மத்தில் நான் வாயால் சொன்ன மிகக் கேவலமான வாக்கியம் அதுதான். கலியபெருமாள் உடனே "வரேன் மாஸ்டர்" என்றான். அவனுக்கும் அந்தத் துணை வேண்டியிருந்தது.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் என்னை நிற்க வைத்து விரலை வைத்துக்கொண்டு இருமச் சொன்னார். இருமினேன். இன்னும் ஒரு தடவை என்றார். இருமினேன்.

"உங்களுக்கு ஒன்னுமே இல்லையே?" என்றார்.

"அப்படிங்களா? ரொம்ப சந்தோஷம் டாக்டர். அப்ப இவனையும் ஒரு தடவ பாத்துடுங்க" என்று கலியபெருமாளின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினேன்.

அவன் திமிறவில்லை. முடிச்சை அவிழ்த்தான். டாக்டர் தொட்டதுமே அவன் துடித்த துடிப்பில் அந்துவான் சுவரைப் பிடித்துக்கொண்டான். உடனே படுக்கையில் சேர்த்தார்கள். பாதி சிக்கியிருக்கிறது, இதோடு இன்னும் எடை தூக்கியிருந்தால் யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். மறுநாள் காலையில் ஆபரேஷன் நடந்தது. பிழைத்தான்.

ஆபரேஷன் முடிந்ததும் வெளியே வராந்தாவில் நானும் அந்துவானும் மட்டும் நின்றோம். அவன் என் பக்கம் திரும்பினான். பிறகு கேட்டான்.

"ஒங்களுக்கு எப்பவுமே ஒன்னும் இல்ல, அப்படித்தானே மாஸ்டர்?"

"இல்ல."

"ஏன் நேரா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

யோசித்தான். யோசித்துவிட்டு, "மாட்டேன்" என்றான். அவ்வளவு சுலபமாக, நெஞ்சில் கை வைத்து, உண்மையைச் சொல்லிவிட்டான். அதுவும் எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் அவன் இடத்தில் இருந்திருந்தால் நிச்சயமாக நம்பியிருப்பேன் என்று புளுகியிருப்பேன்.

"நாளைக்கு எல்லாரையும் கூப்ட்டு நடந்ததைச் சொல்லிடறேன்" என்றான். "தப்பு என்னுது. காப்பாத்துனது நீங்க."

"வாயைத் தொறந்தே, பல்லு இருக்காது" என்றேன். நிஜமாகவே கோபத்தோடு சொன்னேன். இவன் பெருந்தன்மையாக எடுத்துக் கொடுத்து எனக்கு நல்ல பெயர் வர வேண்டுமா? அந்தப் பிச்சையை வாங்குவதற்கு, பயந்தாங்கொள்ளி மாஸ்டர் என்ற பெயரோடு இருந்துவிட்டுப் போகிறேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினான், கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

மாஸ்டர் தனக்குக் குடல் இறங்கிவிட்டதென்று நினைத்து அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனார், அங்கே போனால் ஒன்றுமே இல்லையாம் என்ற கதை அரியாங்குப்பம் பாலம் தாண்டியும் போய்விட்டது. கலியபெருமாளைப் பற்றி நான் முன்பே சொன்னதைக்கூட, என் பயத்தை அவன்மேல் ஏற்றிச் சொன்னது குருட்டாம்போக்கில் பலித்துவிட்டது என்றுதான் அவன் உட்பட எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். என்னிடம் மிச்சம் இருந்த ஆட்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் போனார்கள். அந்துவான் மறுநாளிலிருந்தே ஒரு வழக்கம் ஆரம்பித்தான். யாரையும் மிஷினில் ஏற்றும் முன் தட்டிக்குப் பின்னால் தனியாகக் கூட்டிப்போய், அந்த இடத்தில் கை வைத்து இருமச் சொல்வான். ஏதாவது புடைத்தால் மிஷின் கிடையாது, டாக்டர்தான். அந்தச் சோதனைக்கு ஊரில் "அந்துவான் சார் இருமல்" என்று பெயரே வந்துவிட்டது. உங்களில் சிலர் இப்போதும் அதைச் செய்கிறீர்கள், செய்யுங்கள். ஆளை ஏற்றும் முன் கேளுங்கள், வாய் சொல்கிற இடத்தை நம்பாமல் கை தானாகப் போகிற இடத்தைப் பாருங்கள். பெயர் மட்டும் தப்பு என்று உங்களுக்காவது தெரிந்திருக்கட்டும்.

கலியபெருமாளுக்கு அந்த வருஷ லிஸ்ட் தவறிப்போனது. அவன் பயந்தது வெறும் பயம் இல்லை. எடை தூக்க முடியாத மாதங்களில் அவன் மனைவி நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக் குடும்பத்தை ஓட்டினாள். அதன் பிறகு ஒரு தடவை மறுபடியும் லிஸ்ட் போட்டார்கள். மில் டாக்டர் பழைய தழும்பைப் பார்த்துவிட்டு, சரியாக ஆறியிருக்கிறது, தகுதி உண்டு என்று எழுதினார். அவன் நிரந்தரமானான்.

அன்று சாயங்காலம் மனைவி பிள்ளைகளோடு கூடத்துக்கு வந்தான். கையில் லட்டுப் பொட்டலம். மிஷின் பக்கத்தில் நின்ற அந்துவானின் காலில் குழந்தைகளை விழ வைத்தான்.

"சார், அன்னைக்கு நீங்க மாஸ்டர்கிட்ட கத்துனீங்களே, அதைக் கேட்டுத்தான் எனக்குப் புத்தி வந்துச்சு. எங்களுக்கு நீங்கதான் சாமி" என்றான். அவன் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்துவான் என்னைப் பார்த்தான். நான் தலையை அசைத்தேன், வேண்டாம் என்று.

பிறகு கலியபெருமாள் என்னிடம் வந்தான். "மாஸ்டர், ஒங்களுக்குத்தான் ஒன்னும் இல்லன்னு டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாரே. அப்புறம் இன்னா மூஞ்சி இப்படி இருக்குது? சிரிங்க" என்று ஒரு லட்டை எடுத்து என் வாயிலேயே ஊட்டினான்.

நல்ல நெய் லட்டு. சைக்கிளில் அவன் வலது காலைத் தூக்கிப் போட்டு ஏறி, முன்னால் ஒரு பிள்ளையும் பின்னால் மனைவியும் இன்னொன்றுமாக உப்பளம் ரோட்டில் மிதித்துக்கொண்டு போவதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே அதைத் தின்று முடித்தேன்.

அந்துவானுக்கு இரண்டு கொடுத்திருந்தான்.